அம்மா பேரில் என்ன செய்யலாம்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாடகை நாற்காலிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டார் மட்டும் மிஞ்சும் மாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் வெளியே வரும். பந்தலுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, மலர் வளையம், பத்திரிகையில் போட்ட கண்ணீர் அஞ்சலி, யார் யார் கையில் எவ்வளவு கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு பட்டியல். கூட்டிக் கழித்தால் சில நூறு வெள்ளி மிஞ்சும். “அம்மா பேரில ஏதாச்சும் செய்வோம்” என்பார் மூத்தவர். அன்னதானம் என்பார் ஒருவர். கோயில் மண்டபத்துக்கு மின்விசிறி என்பார் இன்னொருவர். இறக்கையிலேயே பெயர் எழுதித் தருவார்கள். அப்போது கடைக்குட்டி கேட்பாள்: “கேன்சர்லதானே போனாங்க. அதுக்கு எதுவும் செய்ய முடியாதா?”

முடியும். கிள்ளானில் இருந்தபடியே முடியும். கையில் பணம் இல்லாவிட்டாலும் முடியும்.

ஆனால் எங்கே கொடுப்பது என்று தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் நடந்த மரணம் எந்தக் கேள்வியை விட்டுச் சென்றது என்று பாருங்கள். நோய் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது? சிகிச்சையை ஏன் பாதியில் விட்டார்? வெற்றிலை பாக்குதான் காரணமா? பிள்ளைகளுக்கும் வருமா? மருந்து ஏன் வேலை செய்யவில்லை? எல்லாவற்றையும் ‘புற்றுநோய் ஆராய்ச்சி’ என்ற ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி ஆட்கள், தனித்தனி இடங்கள். கேள்வி எதுவென்று தெரிந்துகொண்டால் கொடுக்க வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

தங்கைக்காக ஓர் அக்காள்

தமிழர்களில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1923இல் அவருடைய தங்கை சுந்தரம்மாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதை வயிற்றுக்கடுப்பு என்று நினைத்துத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் டாக்டராக இருந்த வீட்டிலேயே இந்த நிலை.

முத்துலட்சுமி லண்டனுக்குப் போய் அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். ஊர் திரும்பி, சென்னையில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. தங்கை இறந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அங்கேயே இருந்தார்.

அந்த நிலையம் நோயாளிகளைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. வாய்ப்புற்றுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று 1960களிலும் 70களிலும் சோதித்துப் பார்த்தது. 1981 முதல் சென்னை நகரில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று பதிவேடு எழுதத் தொடங்கியது. நிலையத்தின் பெயர்ப் பலகையில் சுந்தரம்மாள் இல்லை. பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது அதைத் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் முதலெழுத்துகள். ஆனால் அவர் விட்டுச் சென்ற ‘முன்னாலேயே தெரிந்திருந்தால்?’ என்ற கேள்விக்கு அங்கே எழுபது ஆண்டுகளாக வேலை நடக்கிறது.

நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது. ஆனால் அவர் தொடங்கிய இடத்திலிருந்து நாமும் தொடங்கலாம்.

ஏன் தாமதம், ஏன் பாதியில் விட்டார்?

மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை 115,238 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஐந்தாண்டில், அதாவது 2017 முதல் 2021 வரை, அது 168,822 ஆனது. அதைவிடக் கவலை தரும் கணக்கு இன்னொன்று: இந்தப் பிற்பட்ட ஐந்தாண்டில் ஏறக்குறைய மூவரில் இருவருக்கு நோய் தெரியவரும்போதே அது மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்தது. முந்தைய ஐந்தாண்டை விட இது சற்றுக் கூடுதல்.

இதற்கு ஆய்வுக்கூடத்தில் பதில் கிடைக்காது. பேருந்து நிறுத்தத்திலும் சமையலறையிலும் தேட வேண்டிய பதில் அது. மார்பில் கட்டி தட்டுப்பட்ட அம்மா ஏன் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை? டாக்டர் தேதி கொடுத்தும் ஏன் போகவில்லை? கூட்டிப் போக ஆள் இல்லை. பேரப்பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை. கத்தி வைத்தால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம் என்றார் கணவர். இவை சாக்குப்போக்கு இல்லை. உயிரை எடுக்கும் காரணங்கள்.

இதை ஆராய்ந்த இடம் கிள்ளானிலேயே இருக்கிறது. ஜாலான் லங்காட்டில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, நம்மவர்கள் ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்று சொல்வது. கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற ஆராய்ச்சி அமைப்பு, சைம் டார்பி அறவாரியத்தின் ஆதரவோடு 2014இல் அங்கே ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. மார்பகப் புற்றுநோய்ச் சந்தேகத்தோடு வரும் பெண்ணுக்கு வழித்துணையாக ஆள் இருப்பார். அடுத்து எந்த அறைக்குப் போவது, பயாப்சி என்றால் என்ன, முடிவு எப்போது வரும் என்பதை அவர் விளக்குவார். வரவேண்டிய நாளில் வராவிட்டால் போன் போட்டு, ‘என்னம்மா, ஏன் வரலை?’ என்று கேட்பார். வண்டி இல்லை என்றால் அதற்கு வழி பார்ப்பார்.

அதோடு விடாமல் முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுக் கணக்கும் எடுத்தார்கள். உரிய காலத்துக்குள் மேமோகிராம் எடுத்தவர்கள் நூற்றுக்கு 74 பேராக இருந்தது 96 ஆனது. சிகிச்சையைக் கைவிட்டவர்கள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இருந்தது சுமார் 4 ஆகக் குறைந்தது. புது மருந்து ஒன்றும் இல்லை; ஒரு ஆளும் ஒரு போனும்தான். கணக்கு எழுதி வெளியிட்டதால் இது ஆராய்ச்சி ஆனது. பிறகு வேறு சில அரசு மருத்துவமனைகளுக்கும் போனது. உங்கள் அம்மா பாதியில் விட்டவர் என்றால், அவர் பேரில் கொடுக்கும் காசு போக வேண்டிய வேலை இதுதான்.

வெற்றிலைச் செல்லம் விட்டுச் சென்ற கேள்வி

தோட்டத்துப் பாட்டிகளின் இடுப்புச் சுருக்குப்பை நமக்கு நினைவிருக்கிறது. பல் போன பிறகும் விடாமல், சின்ன உரலில் பாக்கை இடித்து வாயில் அடக்கிக்கொள்வார்கள். மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம்தான் அதிகம். அதிலும் பெண்களிடம் அதிகம் என்பதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம். ‘நான் புகையிலை சேர்க்கிறதில்லையே’ என்று பலர் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும்.

வாய்ப்புற்று மேலைநாட்டு மருந்து நிறுவனங்கள் ஓடிவந்து பணம் போடும் நோய் இல்லை. பாக்கு மெல்லும் ஊர்களின் நோய் இது. அதனால் ஆராய்ச்சியும் இங்கேதான் நடக்க வேண்டும். கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் ஷா ஆலம் தாண்டி வரும் சுபாங் ஜெயாவில்தான் 2001இல் தொடங்கிய கேன்சர் ரிசர்ச் மலேசியா இருக்கிறது. அங்கே பேராசிரியர் சியோங் சோக் சிங் தலைமையிலான குழு பல ஆண்டுகளாக வாய்ப்புற்றை மட்டுமே பார்த்து வருகிறது.

அவர்கள் செய்த ஒரு வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டு, நோயாளியின் சம்மதத்தோடு, ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, சத்துள்ள இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றிய தட்டில் போட்டு, உடம்புச் சூடான 37 டிகிரியில் வைக்கிறார்கள். பெரும்பாலும் எல்லாம் செத்துப்போகும். எப்போதாவது ஒரு தட்டில் செல்கள் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்கும். வாரக்கணக்கில் தட்டு மாற்றி மாற்றிக் காப்பாற்றினால், நிற்காமல் பெருகும் செல்வரிசை ஒன்று கிடைக்கும். அதில் ஒரு பங்கை மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டால், பத்து வருடம் கழித்தும் எடுத்து எழுப்பலாம். மலேசிய நோயாளிகளின் கட்டிகளிலிருந்து இப்படி உருவான செல்வரிசைகளுக்கு ‘ஓ.ஆர்.எல்.’ என்று தொடங்கும் பெயர்களும் எண்களும் உண்டு. எந்த மருந்துக்கு எது சாகிறது, எது தப்பிக்கிறது என்று அவற்றில்தான் முதலில் சோதிக்கிறார்கள். யாரோ ஒருவருடைய வாயை அரித்த கட்டி, அவர் போன பிறகு மற்றவர்களுக்காக வேலை பார்க்கிறது.

இந்த நோய்க்கு மலிவான ஆராய்ச்சியும் உண்டு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல், வீடு வீடாக ஆள் அனுப்பி வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு அடித்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. 2005இல் வெளிவந்த முடிவு: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் ஒருவரை உட்காரவைத்து வாய்ப் பரிசோதனை நடத்தினால் பயன் உண்டா என்று இனி யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மின்விசிறிக்குப் பதிலாக இதையும் அம்மா பேரில் நடத்தலாம்.

எங்களுக்கும் வருமா?

அம்மா நாற்பது வயதிலேயே மார்பகப் புற்றுநோயால் போனார், அவருடைய அக்காவுக்குச் சினைப்பையில் வந்தது என்றால், மகள்களின் மனத்தில் இந்தக் கேள்வி தங்கிவிடும். பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. ஆனால் பி.ஆர்.சி.ஏ. போன்ற சில மரபணுக்களில் உள்ள குறை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரலாம். மகனுக்கும் வரலாம், அவன் வழியாகப் பேத்திக்கும் போகலாம்.

இந்தக் கணக்குகள் வெகுகாலம் ஐரோப்பியப் பெண்களை வைத்தே போடப்பட்டன. நம் உடம்புக்கு அவை பொருந்துமா என்று பார்க்க நம் ஊர்ப் பெண்களின் இரத்தமும் விவரமும் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 2002இலும், பிறகு சுபாங் ஜெயா மருத்துவ மையத்திலும் தொடங்கிய ‘மைபிஆர்சிஏ’ ஆய்வு இதற்காகத்தான். நோய் வந்தவர்களோடு வராதவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தானே வித்தியாசம் தெரியும்? இந்நாட்டு மக்களில் இந்தியர்களாகிய நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. நம்மில் ஆயிரம் பேர் விலகி நின்றால், நம்மைப் பற்றிய கணக்கே சரியாக வராது. இங்கே காசைவிட ஆள்தான் தேவை.

மருந்து தோற்றுப்போனால்

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 1977இல் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற பதினெட்டு வயது இளைஞனுக்கு எலும்புப் புற்றுநோய் வந்து ஒரு காலை எடுத்தார்கள். பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்றார்கள். இரண்டே ஆண்டுக்கு முன் வந்திருந்தால் அது பதினைந்துதான் என்றும் சொன்னார்கள். அந்த முப்பத்தைந்து வித்தியாசம் ஆராய்ச்சி தந்தது என்று அவருக்குப் புரிந்தது. 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது. 1981 ஜூனில், 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்கள் இதுவரை 80 கோடி கனடிய டாலருக்கும் மேல் திரட்டியிருக்கின்றன. கோலாலம்பூரிலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். அன்னதானத்தில் சோறு கண்முன் இலையில் விழும். இங்கே அப்படி இல்லை. தட்டில் ஜெயித்த பல மருந்துகள் மனித உடம்பில் தோற்றுப்போகும். ‘இது வேலை செய்யாது’ என்று தெரிந்துகொள்வதும் பலன்தான். அடுத்தவர் அந்த வழியில் போய்க் காலத்தையும் காசையும் வீணாக்க வேண்டாம். அடுத்த வருடமே குணம் என்று உறுதி சொல்லிக் காசு கேட்பவர் ஆராய்ச்சியாளர் இல்லை, வியாபாரி.

கொடுக்கும்போது

நம் பக்கத்தில் கொடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உள்ளன. ஆய்வுக்கூட வேலைக்கும் வழித்துணைத் திட்டத்துக்கும் கேன்சர் ரிசர்ச் மலேசியா. நோயாளிகளுக்கு உதவுவதோடு இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு நிதியும் தரும் ‘மக்னா’ என்கிற தேசியப் புற்றுநோய் மன்றம், 1994இல் தொடங்கியது. பரிசோதனை, விழிப்புணர்வு என்று வேலை செய்யும் மலேசிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம், 1966 முதல் கோலாலம்பூரில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிலும் குறிப்பிட்ட துறைக்கென்று கொடுக்க முடியும்.

பணம் அனுப்பும் முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்.எச்.டி.என். என்று நாம் சொல்லும் வருமான வரி வாரியம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகரித்த அமைப்பா என்பது முதல் கேள்வி. அப்படியென்றால் அவர்கள் தரும் ரசீதைக் காட்டி, தனிநபர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு கோரலாம். ரசீது யார் பெயரில் வருகிறதோ அவருக்குத்தான் கழிவு. அண்ணன் தம்பி சேர்ந்து கொடுத்தால் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் வெளியிடுகிறார்களா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தனியாள் வங்கிக் கணக்குக்கு, படம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், விசாரிக்காமல் அனுப்ப வேண்டாம்.

‘இந்த நோய்க்கு மட்டும்’ என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம். ஆனால் பொது நிதிக்குக் கொடுப்பதை மட்டமாக நினைக்காதீர்கள். உறைபெட்டி ஒரு நாள் நின்றால் பல வருட மாதிரிகள் கெட்டுப்போகும். அதன் மின்சாரக் கட்டணத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க யாரும் வரமாட்டார்கள். பொது நிதிதான் அதைக் கட்டுகிறது. மொத்தமாக இயலாவிட்டால் மாதம் இருபது வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்; ஆராய்ச்சி செய்பவர்களுக்கு, வருவது நிச்சயம் என்று தெரிந்த சிறு தொகை பெரிய உதவி. அஞ்சலி அறிவிப்பில் ‘மலர் வளையத்துக்குப் பதிலாக இன்ன அமைப்புக்கு நன்கொடை வழங்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்தால், மறுநாளே வாடிப்போகும் பூவுக்கான பணம் அங்கே போய்ச் சேரும்.

உடம்பால் கொடுப்பது

சிகிச்சையில் இருக்கும்போதே ஆய்வில் சேர அழைப்பு வரலாம். கட்டியில் ஒரு பகுதியைச் சேமித்துவைக்க அனுமதி கேட்கலாம். பயப்படவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்தும் போட வேண்டாம். 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் உலகம் முழுவதும் போய் எத்தனையோ ஆராய்ச்சிக்கு உதவின. ஆனால் அவரையோ குடும்பத்தையோ யாரும் கேட்கவில்லை. அந்த அநியாயம் வெளியே வந்தபோது சம்மதப் படிவத்தின் அருமை பலருக்கும் உறைத்தது. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது என்பது விதி.

மறைந்த பிறகும் கொடுக்க வழி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் 2012 முதல் நடத்தும் ‘சைலண்ட் மென்ட்டர்’ திட்டத்தில், தானமாக வந்த உடலில் இளம் டாக்டர்கள் அறுவை சிகிச்சை பழகுகிறார்கள். உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். காரியம் தள்ளிப்போகும் என்பதால் வீட்டாரின் சம்மதம் முக்கியம்.

நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கம்

இவ்வளவும் சொன்ன பிறகு, காசே கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. நம் வீடுகளில் கேன்சர் என்ற சொல்லையே எடுக்கமாட்டோம். ‘அந்த வியாதி’ என்போம், ‘வயித்துல கட்டி’ என்போம், ‘உடம்பு சரியில்லாம போயிட்டாங்க’ என்று முடித்துவிடுவோம். இருபது வருடம் கழித்துப் பேத்தி டாக்டர் முன்னால் உட்காருவாள். “குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா? எந்த உறுப்பில்? எந்த வயதில்?” மரபணு ஆலோசனை இந்த மூன்று கேள்வியில்தான் தொடங்குகிறது. அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

பந்தல் கணக்கு எழுதிய அந்த நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம். அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுதுங்கள்: அம்மாவின் பெயர், பிறந்த ஆண்டு, எந்தப் புற்றுநோய், எத்தனை வயதில் தெரிந்தது, எந்தக் கட்டத்தில், எந்த மருத்துவமனையில், என்ன சிகிச்சை. கீழே அவருடைய அக்கா தங்கை, அண்ணன் தம்பிக்கும் தெரிந்தவரை எழுதுங்கள். பயாப்சி அறிக்கையின் நகல் இருந்தால் அதே பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கடைக்குட்டியையே எழுதச் சொல்லுங்கள், கேட்டவள் அவள்தானே.